வாசகர் கேள்விகள்: பாறையிடுக்கில் நிற்கும் தேவதாரு

கேள்வி: அண்மையில் குடும்பத்துடன் இமாசலப் பிரதேசம் சென்று வந்தோம். தேவதாரு ஈரம் விரும்பும் மரம் என்று வழிகாட்டி சொன்னார். நாங்கள் பார்த்த இடங்களிலோ அது மண்ணே இல்லாத பாறைச் சரிவுகளில் நின்றது. அதிலும் பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் அடர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் புல்லும் பைன் மரங்களுமாகக் கிடந்தது. இதற்கு என்ன காரணம்? (மதுரை வாசகர்)

பதில்: வழிகாட்டி சொன்னதும் சரி, நீங்கள் கண்டதும் சரி. தேவதாருவுக்கு ஈரம் வேண்டும். ஆனால் அந்த ஈரம் தேங்கி நிற்கக் கூடாது, வந்து கடந்து போக வேண்டும். களிமண் பள்ளத்தில் நீர் கட்டிக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் மரம் நலிந்துவிடும். பாறைச் சரிவில் அந்த ஆபத்து இல்லை: பனி உருகிய நீரும் மழைநீரும் வெடிப்புகளுக்குள் இறங்கி, வேரை நனைத்துவிட்டுக் கீழே போய்விடுகின்றன.

'மண்ணே இல்லாத பாறை' என்று எழுதியிருக்கிறீர்கள். மீண்டும் போக வாய்த்தால் மரத்தடியில் குனிந்து ஒரு வெடிப்பைப் பாருங்கள். மேலே ஈரப் பாசி. அதை விலக்கினால் பழுப்பேறிய ஊசியிலைகள். அவற்றுக்கும் கீழே, இலை மக்கியதும் பாறை உதிர்ந்ததும் கலந்த கரிய பொடிமண் ஒரு கைப்பிடி இருக்கும். அது கடும் வெயில் நாளிலும் சில்லென்றிருக்கும், ஏனெனில் பாறையின் நிழல் அந்த ஈரத்தை ஆவியாக விடுவதில்லை. மெல்லிய வேர்கள் அந்த மண்ணில் உணவு தேட, பருத்த வேர்கள் வெடிப்பின் போக்கிலேயே ஆழத்துக்குச் சென்று பாறையைப் பற்றிக்கொள்கின்றன.

இரு பக்கங்களின் வேறுபாடு தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் புலப்படாத ஒன்று. நமக்குச் சூரியன் ஆண்டில் இருமுறை உச்சந்தலைக்கு மேல் வருவதால், மலையின் வடபுறமும் தென்புறமும் வெயிலை ஏறக்குறைய மாறி மாறிப் பகிர்ந்துகொள்கின்றன. சிம்லா இருப்பதோ வட அகலாங்கு 31 பாகையில். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில்தான் நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய சரிவு காய்ந்து, பனியும் சீக்கிரம் உருகி, புல்லுக்கும் வறட்சி தாங்கும் சீர் பைனுக்கும் உரியதாகிவிடுகிறது. வடக்கு நோக்கிய சரிவிலோ பனி வாரக்கணக்கில் கிடந்து, சொட்டுச் சொட்டாக உருகி, கோடையின் தொடக்கம் வரைக்கும் மண்ணை நனைத்துக்கொண்டிருக்கும். தேவதாரு முதலில் தேர்ந்துகொள்வது அந்தப் பக்கத்தைத்தான். உயரம் கூடக்கூட எல்லாப் பக்கமும் குளிர்ந்துவிடுவதால் இந்தப் பாகுபாடு தளர்ந்துவிடும்.

இம்மரம் ஆப்கானிஸ்தானிலிருந்து பாகிஸ்தான், காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் வழியாக மேற்கு நேபாளம் வரை, ஏறத்தாழ 1500 முதல் 3200 மீட்டர் வரையிலான உயரங்களில் வளர்கிறது. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்ட பட்டியலில் 'ஈரத் தேவதாருக் காடு' என்பது தனி வகையாகவே இடம்பெறுகிறது. பான், மோரு என்னும் இருவகை ஓக் மரங்களும், கைல் எனப்படும் நீலப் பைனும், ராய் எனப்படும் ஸ்புரூஸ் மரமும் அங்கே அதன் அண்டை வீட்டார். கின்னௌர் போன்ற மழை குறைந்த உட்பள்ளத்தாக்குகளிலும் தேவதாரு உண்டு. அங்கே அது சில்கோசாப் பைனுடன் சேர்ந்து, பெரும்பாலும் பனிநீரை நம்பி வாழ்கிறது.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தேவதாருவும், பைபிளில் வரும் கேதுருவும், பென்சில் செய்யும் 'சிடார்' மரமும் ஒன்றுதானா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: மூன்றும் ஒன்றல்ல. தாவரவியலார் பொதுவாக ஏற்கும் உண்மையான சிடார்கள் நான்கே: இமயத் தேவதாரு, லெபனான் சிடார், வட ஆப்பிரிக்க அட்லஸ் மலைச் சிடார், சைப்ரஸ் தீவின் சிடார். தமிழ் பைபிளில் வரும் லீபனோனின் கேதுரு இவற்றில் ஒன்று என்பதால், அது தேவதாருவுக்கு நெருங்கிய உறவு. அதுவும் பனி விழும் பாறை மலையில் வளர்வதே. பென்சிலுக்குப் புகழ்பெற்ற அமெரிக்கச் சிவப்புச் சிடார் உண்மையில் ஜூனிபர் இனம். நம் மலைகளில் சந்தன வேம்பு என்று வழங்கும் மரத்தையும் ஆங்கிலத்தில் சிவப்புச் சிடார் என்பார்கள். அது வேம்பின் குடும்பம். மணமும் நிறமும் சற்று ஒத்திருந்தால் போதும், ஆங்கிலேய மர வணிகர்கள் எதற்கும் சிடார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மருந்துக் கடைச் சரக்கில் குழப்பம் இன்னும் கூடுதல். தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் ஒரு சிறுமரத்துக்கும் 'தேவதாரம்' என்றே பெயர். கட்டை மணப்பதால் தென்னாட்டில் அது நெடுங்காலமாக இமயத் தேவதாருவுக்கு மாற்றாகவும் விற்கப்படுகிறது. வாங்குகிறவர்கள் 'எந்தத் தேவதாரு?' என்று கேட்டு வாங்குவதே நல்லது.

கேள்வி: பெரிய தேவதாருக்களின் அடியில் இளங்கன்றுகளையே காணவில்லை. காடு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதா? (கோவை வாசகர்)

பதில்: உதிரும் விதைகளுக்குக் குறைவில்லை, தரையைத் தொடுவதில்தான் சிக்கல். தேவதாருவின் சிறகுள்ள விதைகள் இலையுதிர் காலத்தில் உதிர்ந்து, பனிக்கடியில் கிடந்து, பனி உருகும் வேளையில் முளைக்கின்றன. முளைவிட்ட சில வாரங்களுக்குள் வேர் கனிம மண்ணை எட்டியாக வேண்டும். மூத்த மரங்களின் அடியிலோ மக்காத ஊசியிலைகள் மெத்தைபோலத் தடித்துக் கிடக்கின்றன. அந்த மெத்தை ஏப்ரல் மாதத்தில் ஈரமாகத்தான் இருக்கும், முளைகளும் பச்சைப் புள்ளிகளாக எழும்பும். பருவமழைக்கு முந்திய மே, ஜூன் வெயிலில் மேலடுக்கு உலர்ந்துவிட, வேர் பாதி வழியில் நிற்கும்போதே கன்று காய்ந்துவிடும். மண் சற்றே சரிந்து பாறைப்பொடி வெளிப்பட்ட இடத்திலும், மரம் விழுந்து வேரோடு நிலம் புரண்ட இடத்திலும், பழைய நடைபாதையின் ஓரத்திலும் கன்றுகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே. நீங்கள் தேட வேண்டியது மரத்தடியில் அன்று, அந்த விளிம்புகளில்.

இதற்கு மேல் ஆடு மாடுகளின் மேய்ச்சலும் தீயும் உண்டு. தடித்த பட்டை கொண்ட சீர் பைன் தரைத்தீயைத் தாங்கிவிடும். இளம் தேவதாரு தாங்காது. கீழ்ச்சரிவின் பைன் காட்டில் பற்றும் தீ மேலேறி வரும்போது முதலில் இழக்கப்படுவது இந்தத் தலைமுறைதான்.

தப்பிய கன்றுக்குப் பூஞ்சைகளின் துணை கிடைக்கிறது. அவை வேர்நுனிகளை உறைபோலப் போர்த்தி, இழைகளைப் பாறையின் நுண்வெடிப்புகளுக்குள் அனுப்பி, வேர் நுழைய முடியாத இடத்திலிருந்தெல்லாம் நீரையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொடுத்து, ஈடாக மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. ஒரு பிடி மண்ணில் நூறு அடி மரம் நிற்பதன் இரகசியத்தில் பாதி இந்தக் கொடுக்கல் வாங்கல். பனி உருகியதும் இக்காடுகளில் ஊர்மக்கள் தேடிப் பொறுக்கும் விலையுயர்ந்த காளானுக்கு அங்கே 'குச்சி' என்று பெயர். பெயரைக் கேட்டு நம்மூர்க் குச்சி என்று எண்ணிவிட வேண்டாம், தேன்கூடு போன்ற குழிகளுடைய காளான் அது.

கேள்வி: மரம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றால், 2023-இல் சிம்லாவில் தேவதாருக்கள் மண்ணோடு சேர்ந்து சரிந்தது எப்படி? (திருச்சி வாசகர்)

பதில்: அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று சம்மர் ஹில் பகுதியில் ஒரு சிவன் கோயிலை அடித்துச் சென்ற மண்சரிவில் 20 பேர் உயிரிழந்தார்கள். அந்த மழைக்காலத்தில் நகரெங்கும் பழைய தேவதாருக்கள் வேரோடு விழுந்தன. மரத்தின் மீது பழி போடுவதும், மரம் இருந்தால் எதுவும் சரியாது என்று நம்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் எண்ணம்.

வேர்கள் மேல்மண்ணை, அதாவது பொதுவாக ஓரிரு மீட்டர் ஆழம் வரை, பின்னிப் பிடிக்கும். வெடிப்புள்ள பாறை கிடைத்தால் அதில் நங்கூரமிடும். சரிவு அதற்கும் கீழே, பாறைத்தளத்தின் மீது நிகழுமானால் மரமும் சேர்ந்தே போகும். சிம்லாவைச் சுற்றிலும் ஸ்லேட், ஷிஸ்ட் போன்று தகடு தகடாகப் பிரியும் பாறைகள் உள்ளன. அந்தத் தகடுகள் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருக்கும் இடங்களில் நீர் உள்ளே புகுந்தால் மேலடுக்கு எளிதில் வழுக்கிவிடும். சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டுவதும், தோண்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் கொட்டுவதும், கட்டடங்களின் நீர் வடிய வழியில்லாமல் மலைக்குள்ளேயே இறங்குவதும் இந்த வழுக்கலுக்கு வசதி செய்து தருகின்றன. வந்து கடந்து போகும் நீர் என்று முன்பு சொன்னேன் அல்லவா? கடந்து போகும் வழியை அடைத்துவிட்டால், ஊறிய மண்ணில் நிற்கும் பெரிய மரத்தின் எடையே சரிவின்மேல் ஒரு சுமையாகிவிடுகிறது.

கேள்வி: தேவதாரு நட்டால் ஊற்று பெருகும் என்கிறார்களே? (சேலம் வாசகி)

பதில்: மரம் நீரைப் படைப்பதில்லை. ஊற்று எங்கே எழும் என்பதைப் பாறையின் அமைப்புத் தீர்மானிக்கிறது. ஊசியிலை மெத்தையும் பாசியும் மழையின் வேகத்தை உறிஞ்சி, நீர் வழிந்தோடாமல் வெடிப்புகளுக்குள் இறங்க நேரம் தருகின்றன. காட்டின் பங்கு அதுதான், அது சிறிய பங்கும் அன்று. கிளைகளில் தங்கும் பனியில் ஒரு பகுதி தரைக்கு வராமலே ஆவியாகிப் போவதும் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிம்லாவின் கிழக்கே தேவதாருவும் ஓக்கும் நிறைந்த ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர்க் காட்டை, ஆங்கிலேயர் காலம் முதலே நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காத்து வருகிறார்கள். இன்று அது வனவிலங்குச் சரணாலயமும்கூட.

கேள்வி: தேவதாரு எத்தனை ஆண்டு வாழும்? (நாகர்கோவில் மாணவர்)

பதில்: பல நூறு ஆண்டுகள். டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த ஒரு தேவதாருவின் குறுக்குவெட்டு வைக்கப்பட்டுள்ளது.

கேள்வி: நினைவாக ஒரு தேவதாருக் காயைக் கொண்டுவர எண்ணித் தேடினோம். பைன் காய் கிடைத்ததே தவிர, தேவதாருக் காய் ஒன்றுகூடத் தரையில் முழுதாக இல்லை. ஏன்? (சென்னை வாசகி)

பதில்: பைன் காய் செதில்களை விரித்து விதையைச் சிந்திவிட்டு, முழுதாகக் கீழே விழும். தேவதாருக் காய் கிளையில் முட்டைபோல் நிமிர்ந்து நின்றபடியே, ஏறத்தாழ ஓராண்டில் முற்றி, செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நடுத்தண்டு மட்டும் ஒரு குச்சியாகக் கிளையிலேயே எஞ்சி நிற்கும். தரையில் தேடினால், உச்சிச் செதில்கள் சில பிரியாமல் ஒட்டி, மரத்தில் செதுக்கிய சிறு ரோஜாவைப் போல விழுந்து கிடப்பதைக் காணலாம். அதை எடுத்து வரலாம். முழுக்காய் வேண்டுமென்று கிளையிலிருந்து பறித்து வருபவர்களும் உண்டு. ஊர் வந்து சேர்ந்து, மேசைமீது வைத்துச் சில நாள் உலர்ந்ததும் அது தானே உதிர்ந்து செதில்குவியலாகிவிடும்.