வேலை ஒன்று, சம்பளம் இரண்டா?

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் 11 வருடமாகத் தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே நிலையான தொகை) கணினி இயக்குபவராக இருக்கிறேன். பக்கத்து மேசைத் தட்டச்சருக்கும் எனக்கும் ஒரே வேலை. அவருக்கு மட்டும் காலமுறை ஊதியம் (ஊதிய விகிதமும் இன்கிரிமென்ட்டும் உள்ள சம்பளம்). நானும் கேட்க முடியுமா? – வாசகி, விழுப்புரம்

பதில்: முடியும். 'சம வேலைக்குச் சம ஊதியம்' அரசமைப்பின் 39(ஈ) பிரிவில் வெறும் வழிகாட்டு நெறியாகத்தான், அதாவது நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாததாகத்தான், இருந்தது. டெல்லி போலீஸ் டிரைவர் ஒருவர் தொடுத்த ரந்தீர் சிங் வழக்கில், 1982-ல், உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவ உரிமை தரும் 14, 16 பிரிவுகளோடு சேர்த்துப் படித்தது. உங்களுக்கு நேராகக் கைகொடுப்பது 2016 அக்டோபர் 26-ல் வந்த ஜக்ஜித் சிங் தீர்ப்பு: நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு, அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் தொடக்கச் சம்பளம் தர வேண்டும். இன்கிரிமென்ட் இதில் சேராது.

பலர் தோற்பது ஆதாரத்தில். ஒரே வேலை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். சக ஊழியரின் வாய்வார்த்தை நிற்காது. இருவர் பெயரும் உள்ள பணிப்பகிர்வு ஆணைதான் (யாருக்கு எந்த வேலை என்று அலுவலகம் போடும் உத்தரவு) உயிர்நாடி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த ஆணையின் நகலையும், தட்டச்சர் பதவிக்கான கடமைகள், கல்வித் தகுதி, ஊதிய விகிதம் ஆகியவற்றையும் கேளுங்கள். 'எனக்கு ஏன் குறைவு?' என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் வராது. பதில் தர அவர்களுக்குக் கெடு 30 நாள். தட்டச்சுத் தேர்ச்சிச் சான்றிதழ் உங்களிடம் இல்லையென்றால், அரசுத் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

பிறகு துறைத் தலைவருக்கு மனு. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நிலுவைத்தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்கே கிடைக்கும் (தர்சேம் சிங் வழக்கு, 2008). தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை போய்விடும், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

பணிவரன்முறைக் கோரிக்கையை, அதாவது வேலையை நிரந்தரமாக்கக் கேட்பதை, இதோடு குழப்ப வேண்டாம். முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006-ன் உமாதேவி தீர்ப்பைக் காட்டி அதை மறுப்பார்கள். ஊதியக் கோரிக்கைக்கு அந்தத் தடை இல்லை. ஏஜென்சி வழியாக வேலைக்கு வந்தவர் என்றால் கதையே வேறு. நியமன ஆணையைத் தந்தது யார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: உடன் பணியாற்றுபவருக்குத் தவறுதலாகக் கூடுதல் இன்கிரிமென்ட் போட்டிருக்கிறார்கள். 14-வது பிரிவின்படி எனக்கும் தர வேண்டாமா? – வாசகர், தேனி

பதில்: வேண்டியதில்லை. விதிப்படி கிடைப்பதில்தான் சமத்துவம் கேட்க முடியும். ஒருவருக்கு நடந்த தவறை இன்னொருவருக்கும் செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது. மனுவில் அவர் பெயரை எழுதினால், உங்களுக்கு எதுவும் வருமுன் அவருடைய சம்பளத்தைத் திருத்திவிடுவார்கள்.