கேளுங்கள், சொல்கிறோம்: கப்பலில் சம்பளம் நின்றால்

கோத்தகிரி வாசகி: என் மகன் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதமாக வீட்டுக்குப் பணம் வரவில்லை. ஏஜென்ட் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்கிறார். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே முடியும் அம்மா. இதற்கு மேல் பொறுக்காதீர்கள். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி, இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே முதலாளி மாலுமியைக் கைவிட்டதாகக் கொள்ளலாம். இந்தியா 2015-ல் இதில் சேர்ந்துவிட்டது. கப்பலின் கொடி நாடும், அதாவது கப்பல் பதிவாகியுள்ள நாடும், சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலானவை சேர்ந்தவைதான்.

கைவிடப்பட்டவர்களுக்காகவே ஒவ்வொரு கப்பலுக்கும் காப்பீடு உண்டு. அதன் சான்றிதழை எல்லார் கண்ணிலும் படும்படி கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். சாப்பாட்டு அறைப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மகன் அதை போனில் படமெடுத்து அனுப்பட்டும். கப்பலின் பெயர், ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பு விவரம், காலாவதித் தேதி நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டு இவற்றின் படமும் வேண்டும். உங்கள் பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் வரவான பக்கத்தை நகலெடுத்து வையுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் மாலுமியே கேட்கலாம், அவர் நியமித்தவரும் கேட்கலாம். ஆகவே 'என் சார்பில் என் தாய் பேசுவார்' என்று மகன் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பட்டும். சாப்பாடு, குடிநீர், மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் காப்பீட்டில் வரும். ஆனால் சம்பள பாக்கி நான்கு மாதத்துக்குத்தான் கிடைக்கும். ஆறு மாதம் காத்திருந்தால், மீதி இரண்டு மாதத்துக்குக் கோர்ட்டில் கப்பல் மேல் வழக்குப் போட வேண்டிவரும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இதே தாள்களோடு மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கும் புகார் அனுப்புங்கள். 'சம்பளம் முழுதும் பெற்றேன்' என்ற தாளில், பணம் கைக்கு வராமல் மகன் கையெழுத்துப் போடவே கூடாது. 'கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குப் போகலாம்' என்று விமான டிக்கெட்டைக் காட்டித்தான் அதைக் கேட்பார்கள்.

கொடைக்கானல் வாசகர்: பேரனைக் கப்பலில் சேர்க்க ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று செலவுதான் உங்களுடையது. விசா செலவு முதலாளியுடையது. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும், மாலுமிகளை வேலைக்குச் சேர்ப்பதற்கான உரிமத்தின் எண்ணைக் கேட்டு, கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.