ஆட்டம் ஓடும்போது பயிற்சியாளர் கோட்டைத் தாண்டலாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஆடவர் கூடைப்பந்து அணிக்கு இந்தப் பருவம் முதல் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். கோயம்புத்தூரில் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளின்கீழ் ஆடி வளர்ந்தவன். எங்கள் தலைமைப் பயிற்சியாளர், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கக் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் வந்துவிடுகிறார். பல ஆட்டங்களில் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. போன வாரம் முதலில் எச்சரித்தார்கள், பிறகு டெக்னிகல் ஃபவுல் (ஒழுங்கு மீறலுக்கான தண்டனை) கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். விதி உண்மையில் என்ன சொல்கிறது? நான் அவரை எப்படித் தடுப்பது? நானும் எழுந்து போனால் தண்டனை வருமா?

பதில்: தாண்டக் கூடாது. விதியைப் பொறுத்தவரை அவ்வளவுதான் விடை. ஒரு நாள் கண்டுகொள்ளாமல் விடப்படுவது இன்னொரு நாள் ஏன் தண்டிக்கப்படுகிறது என்பதற்குத்தான் சற்று விரிவான விளக்கம் வேண்டும். அது புரிந்துவிட்டால், அவரைத் தடுக்கும் வழியும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆடுகளம் 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆடவர் விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர் நின்று நடமாட அனுமதிக்கப்பட்ட கோச்சிங் பாக்ஸ், தன் பெஞ்ச் இருக்கும் முனையின் கடைக்கோட்டிலிருந்து பக்கக் கோட்டின் வெளிப்புறமாக 38 அடி வரை நீள்கிறது. 2017-18 பருவத்துக்கு முன்பு இது 28 அடியாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களோடு பேசுவதற்கு வசதியாகப் பத்து அடி கூட்டினார்கள். கூடியது நீளம் மட்டும்தான். களத்துக்குள் ஓர் அங்குலம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த 38 அடியின் நுனியில் போய் நின்றாலும் எதிர்முனைக் கடைக்கோடு இன்னும் 56 அடி தள்ளி இருக்கிறது. நிரம்பிய அரங்கின் இரைச்சலில் குரல் அவ்வளவு தூரம் போய்ச் சேராது என்பதால், வாய் கத்தக் கத்தக் கால் தானாக முன்னே போய்விடுகிறது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் விதியை மீற வேண்டும் என்று எண்ணிக் கோட்டைத் தாண்டுவதில்லை என்பதை நான் மனதார நம்புகிறேன். உங்கள் தலைமைப் பயிற்சியாளரும் அப்படிப்பட்டவராகவே இருக்கக்கூடும்.

பாக்ஸை விட்டு வெளியே வந்தால், அது அத்துமீறிய நடத்தையாக இல்லாதவரை, முதல் தடவை எச்சரிக்கையோடு விடுவார்கள். அந்த எச்சரிக்கை ஸ்கோர் புத்தகத்தில் பதிவாகும். அதே ஆட்டத்தில் மறுபடியும் வந்தால் 'பி' வகை டெக்னிகல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு, விழுந்தால் ஒரு புள்ளி) கிடைக்கும், பிறகு ஆட்டம் நின்ற நிலையிலிருந்தே தொடரும். நடுவரை அவமதிப்பது, தீர்ப்பை எதிர்த்துக் களத்துக்குள் பாய்வது போன்ற நடத்தைக் குற்றங்கள் 'ஏ' வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. 'ஏ' இரண்டு சேர்ந்தாலும், 'ஏ' ஒன்றும் 'பி' இரண்டும் சேர்ந்தாலும், 'பி' மட்டுமே மூன்று சேர்ந்தாலும் பயிற்சியாளர் வெளியேற்றப்படுவார். எச்சரிக்கைக்குப் பிறகு வந்தது என்று நீங்கள் எழுதுவதால், போன வாரம் உங்கள் அணிக்கு விழுந்தது 'பி' வகையாகத்தான் இருக்க வேண்டும். (பெண்கள் ஆட்டத்துக்கு என்.சி.ஏ.ஏ. தனி விதிநூல் வைத்திருக்கிறது. பின்னால் அங்கே வேலைக்குப் போனால் இதையே அங்கேயும் பொருத்திப் பார்க்காமல் அந்த நூலைத் தனியாகப் படியுங்கள்.)

இனி, நடுவர்கள் சில நேரம் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். நானும் பல ஆண்டுகள் விசில் பிடித்தவன் என்பதால் இதை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து சொல்ல முடியும். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது பயிற்சியாளரின் காலணி நுனி கோட்டுக்குள் இருந்தால், அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் விடும் நடுவர்கள் உண்டு. ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நினைப்பார்கள். அதே காலணி, பந்து பெஞ்ச் பக்கம் வரும்போதும் அங்கேயே இருந்தால் நிலைமை வேறு. மூன்று நடுவர்களில் ஒருவராவது எப்போதும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்பார். பந்து கைமாறியதும் கண்ணை ஆட்டக்காரர்கள் மேல் வைத்துக்கொண்டே பக்கவாட்டிலும் பின்னோக்கியும் ஓடுவார். தன் வழியில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஆகவே அவர் தீர்ப்பு, கால் எத்தனை அங்குலம் உள்ளே வந்தது என்பதைவிட, அந்தக் கால் யாருடைய வழியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமையும். ஒரே செயலுக்கு இரண்டு விதமான தீர்ப்பு என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே.

பெஞ்ச் பக்கத்து மூலையை ஒரு முறை அளவுநாடா வைத்துப் பார்த்தீர்கள் என்றால் இது உடனே விளங்கும். இன்றைய ஆடவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே அந்த மூலையில் இருப்பது ஏறத்தாழ 40 அங்குலம், அதாவது மூன்றே கால் அடிக்குச் சற்று அதிகம். பந்தை வாங்கி, இரண்டு காலையும் ஊன்றி, குதித்து எறிந்து, மறுபடி தரையிறங்குவது எல்லாம் அந்தப் பட்டைக்குள் நடக்க வேண்டும். ஒரு பயிற்சியாளர் தம் ஒற்றைக் காலை வைத்தாலே அதில் ஓர் அடி போய்விடும். ஒரு கல்லூரி ஆட்டத்தில், அந்த இடத்தில் எறிந்துவிட்டுத் தரையிறங்கிய பையன் ஒருவன், பின்னால் நின்றிருந்த எதிரணிப் பயிற்சியாளரின் காலணி மேல் பாதம் வைத்துக் கணுக்கால் மடங்கி விழுந்ததை இரண்டு கஜ தூரத்தில் நின்று பார்த்தேன். பந்து வளையத்துக்குள் போய்விட்டது. அவனோ அந்த ஆட்டத்தில் திரும்பி வரவில்லை. சற்று முன்பு அதே காலைக் கோட்டுக்குள் பார்த்தும் நான் எச்சரிக்காமல் விட்டிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூட விட்டதில்லை. நடுவர்கள் இந்த விதியைப் பிடிவாதமாகப் பிடிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் அவர்கள் காப்பது உங்கள் ஆட்டக்காரர்களின் காலையும்தான்.

பந்து பயிற்சியாளர் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ நிற்கும் எவர் மேல் பட்டாலும் பந்து வெளியே போனதாகவே கணக்கு, அதற்கு முன் கடைசியாகத் தொட்ட ஆட்டக்காரரின் அணி பந்தை இழக்கும். உங்கள் பையன் பக்கவாட்டில் நிற்கும் தன் தோழனுக்கு எறிந்த பந்து, கோட்டை மிதித்து நிற்கும் உங்கள் சொந்தப் பயிற்சியாளரின் முழங்காலில் பட்டால், பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் பந்து அவர் மேல் பட்டுத் தடைப்பட்டாலோ, அது ஆட்டத்தில் குறுக்கிட்டதாகப் பார்க்கப்பட்டு இன்னும் பெரிய சிக்கலாகிவிடும்.

ஆட்டம் ஓடும்போது உள்ளே நழுவுவதும், விசில் அடித்த பிறகு சண்டைக்குப் பாய்வதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சி 2014 பிப்ரவரி 22 அன்று டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கில் நடந்தது. சிரக்யூஸ் அணி 58-60 என்று பின்தங்கியிருந்தது, 10.4 விநாடி மீதம். சி.ஜே. ஃபேர் கூடையை நோக்கிப் பாய்ந்தபோது நடுவர் அவர் மேலேயே சார்ஜ் ஃபவுல் (தடுத்து நிற்பவர் மேல் மோதிய குற்றம்) சொன்னார். 1976 முதல் சிரக்யூஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜிம் போஹைம், தாம் அணிந்திருந்த மேல்கோட்டைக் கழற்ற முயன்றபடியே களத்துக்குள் ஓடினார். சில விநாடிகளில் இரண்டு டெக்னிகல், உடனே வெளியேற்றம். டியூக் 66-60 என்று வென்றது. அந்த சார்ஜ் சரிதானா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பத்து விநாடி மீதம் இருந்த ஒரு ஆட்டத்தில், அவர் களத்துக்குள் காலை வைத்ததோடு தம் அணியின் வாய்ப்பு முடிந்துபோனது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. உங்கள் தலைமைப் பயிற்சியாளர் முதல் வகைக்காரர் என்றால், அவர் இரண்டாம் வகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பில் சேரும்.

களத்துக்குள் போக அனுமதி உள்ள நேரங்கள் சில உண்டு. அடிபட்ட ஆட்டக்காரரைப் பார்க்க, நடுவர் கைகாட்டி அழைத்த பிறகு போகலாம். அப்படி அழைக்கப்பட்டு பெஞ்சிலிருந்து ஆள் உள்ளே வந்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் பொதுவாக மாற்றப்பட வேண்டும். கைகலப்பு மூண்டால், அதை அடக்கத் தலைமைப் பயிற்சியாளரும், 2023-24 பருவம் முதல் உங்களைப் போன்ற மாணவர் அல்லாத பெஞ்ச் ஆட்களும் உள்ளே வரலாம். இந்த இரண்டாவது அனுமதி பெஞ்சில் இருக்கும் பையன்களுக்குக் கிடையாது. அவர்கள் எழுந்து ஓடினால் வெளியேற்றப்படுவார்கள் என்பதால், அந்த நேரத்தில் உங்கள் வேலை கையை விரித்து அவர்களை நாற்காலியிலேயே நிறுத்துவதுதான்.

நீங்கள் ஃபிபா விதிகளில் வளர்ந்தவர் என்பதால் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். உங்கள் தலைமைப் பயிற்சியாளர் உள்ளே இறங்குவதற்கு ஒரு காரணம் இதில் ஒளிந்திருக்கலாம். ஃபிபா ஆட்டத்தில் டைம் அவுட் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் உதவிப் பயிற்சியாளருக்கும் மட்டுமே உண்டு. அவர்கள் ஸ்கோர் டேபிளில் போய்க் கேட்க வேண்டும், ஆட்டக்காரர் கேட்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 2015-16 பருவம் முதல் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பயிற்சியாளர் டைம் அவுட் கேட்க முடியாது, களத்தில் இருக்கும் ஆட்டக்காரர்தான் கேட்க வேண்டும். 2019-20 பருவம் முதல், இரண்டாம் பாதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்திலும் மட்டும் பயிற்சியாளரும் கேட்கலாம். எதிரணி அடுத்தடுத்துப் புள்ளி எடுத்து, கையில் டைம் அவுட் இருந்தும் கேட்க முடியாமல் தவிக்கும் பயிற்சியாளர், தம் பாயின்ட் கார்டின் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரரின்) கண்ணில் படுவதற்காகவே இரண்டடி உள்ளே வந்து கையை 'டி' வடிவில் காட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே அவர் எந்தெந்தக் கட்டத்தில் இறங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். டைம் அவுட்டுக்காகத்தான் என்றால், அதைத் தீர்க்க வேண்டிய இடம் அவருடைய கால் அல்ல, பாயின்ட் கார்டின் பழக்கம். எதிரணி கூடை போட்டதும், எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை வாங்கும் முன், ஒரு முறை பெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியிலேயே அவனைப் பழக்குங்கள்.

அவரைத் தடுப்பதற்கு, ஆட்டத்தின் நடுவில் சொல்லும் எந்தச் சொல்லையும்விட வாரநாளில் காட்டும் வீடியோ பயன்படும். கடந்த இரண்டு ஆட்டங்களின் பதிவில் அவர் கால் உள்ளே போன ஒவ்வொரு தருணத்தையும் வெட்டி எடுத்து, குறை சொல்லும் குரலே இல்லாமல் அவர் தனியாக இருக்கும்போது போட்டுக் காட்டுங்கள். தாம் எத்தனை தடவை இறங்கினோம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. கண்ணால் பார்த்தால் அவர்களே திகைத்துப் போகிறார்கள். அடுத்ததாக, பயிற்சி ஆட்டத்தின்போது தரையில் 38 அடிக்கு டேப் ஒட்டி, அவர் அதற்குள் நின்றே அணியை நடத்தட்டும்; கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு புள்ளி. இதை நீங்களாகச் செய்யாமல் அவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும். தொலைவில் இருக்கும் பையன்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கைச்சைகைகளாகவும் எண்களாகவும் மாற்றிவிட்டால், கத்துவதற்கான தேவையே குறைந்துவிடும். எதிரணி ஃப்ரீ த்ரோ எறியும் நேரம் இருக்கிறது. அப்போது ஓர் ஆட்டக்காரரைக் கோட்டருகே அழைத்து நிதானமாகப் பேசலாம்.

ஆட்ட நேரத்தில் நீங்கள் எழுந்து அவர் பின்னால் போவது சரியில்லை. பந்து ஓடும்போது நின்று நடமாடும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கு உரியது. மற்றவர்கள் அடிப்படையில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நல்ல ஆட்டத்துக்கு ஒரு நொடி துள்ளி எழுந்து உடனே உட்காருவதை விதி பொறுக்கும், ஆனால் அவரைத் துரத்திக்கொண்டு நீங்களும் கோட்டருகே போய் நின்றால் நடுவரின் கண்ணுக்கு இரண்டு பேர் தெரிவார்கள். அவர் வழக்கமாக இறங்கும் இடத்துக்கு நேரே இருக்கும் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒரே சொல், 'லைன்' என்றால் 'லைன்', அதை மட்டும் சொல்லுங்கள். கை எட்டினால் முதுகில் லேசாகத் தொடலாம். சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஓடி வரும் ஆட்டக்காரர் முன்னால் அவர் தடுமாறி விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எச்சரிக்கை விழுந்துவிட்டால், எந்தப் பாதியில், எத்தனை நிமிடம் மீதம் இருக்கும்போது பதிவானது என்று உடனே உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரைச்சலில் அவருக்கு அது எச்சரிக்கை என்றே எட்டாமல் போகும் ஆட்டங்கள் உண்டு. அடுத்த டைம் அவுட்டில், ஆட்டத் திட்டம் எதையும் பேசத் தொடங்கும் முன், எச்சரிக்கை முடிந்துவிட்டது, இனிமேல் இறங்கினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ என்று அவர் காதில் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டுகிறாரா என்று பாருங்கள்.