லித்தியம் எடுப்பவருக்கு ஏன் அடிக்கடி இரத்தம் பார்க்கிறார்கள்? கை நடுங்கினால் நிறுத்தலாமா?

கேள்வி: அக்காவுக்கு பைபோலர் என்று சொல்லி லித்தியம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. கை மெல்ல நடுங்குகிறது. ஓயாமல் தண்ணி குடிக்கிறா, இரவிலும் எழும்பிப் போகிறா. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் எடுக்கிறார்கள். "கிட்னியைப் பழுதாக்கிற மருந்து, நிப்பாட்டுங்கோ" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

நிப்பாட்ட வேண்டாம். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் அடுத்த சில வாரங்களிலேயே மேனியா (பைபோலரில் மனம் அளவுக்கு மீறி எழும்பும் கட்டம்) திரும்பி வரும் ஆபத்து கூடுதல். விடத்தான் வேண்டும் என்று வைத்தியர் முடிவெடுத்தால்கூட, குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்பார். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இந்த மருந்துக்கு இருக்கும் அளவு நல்ல சான்று வேறு மனநல மருந்துகளுக்கு அரிது. ஒரு மாத நடுக்கத்துக்காக அதைக் கைவிடக்கூடாது.

இரத்தம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். லித்தியம் ஒரு உப்பு. ஈரல் அதை உடைப்பதில்லை. கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரோடுதான் வெளியேறும். சிறுநீரகம் அதைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடம்பில் தண்ணியோ உப்போ குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியமும் தங்கிவிடும். குளிசையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் அளவு ஏறிவிடும். அதேநேரம், வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சின்னது. வழக்கமாக லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், மேனியா கடுமையாக இருக்கும்போது 1.0 வரை. வயதானவர்களுக்கு இதைவிடக் குறைவு. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. நெடுநாள் எடுப்பவருக்கு அதற்குக் கீழேயே அறிகுறி தொடங்கலாம்.

இந்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் செய்யாவிட்டால் வரும் எண்ணால் பயனில்லை. கடைசிக் குளிசைக்குப் பிறகு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்கு எடுத்தால் காலை 9 மணிக்கு. காலையிலும் ஒரு குளிசை இருந்தால், இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். முதலே விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், வைத்தியரும் மருந்தைத் தேவையில்லாமல் குறைப்பார். தனியார் லாபில் செய்வதென்றால் இன்னொன்றைக் கவனியுங்கள்: பச்சை மூடிக் குழாய்கள் சிலவற்றில் இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் போட்டிருக்கும். அதில் எடுத்த இரத்தத்தில் லித்தியம் பார்த்தால் இல்லாத நஞ்சு இருப்பதாக வரும். "இது லித்தியம் டெஸ்ட்" என்று இரத்தம் எடுப்பவரிடம் வாயால் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றினால் 5 தொடக்கம் 7 நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு நிலைத்த பின் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை போதும்.

இனி வீட்டில் பிழை நடக்கும் இடம். பெரும்பாலும் அது பார்மசியில்தான் தொடங்குகிறது. நாரி நோவுக்கு டைக்ளோபெனாக், பல்வலிக்கு இபுபுரோபன், மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அசிட் என்று கவுண்டரில் கேட்டு வாங்குகிறோம். இவை லித்தியம் வெளியேறுவதைத் தடுத்து அளவை ஏற்றும். டெங்கு பயத்தால் காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு எந்த வலிக்கும் அதே விதிதான். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், எனலாப்ரில், லோசாட்டன் ஆகியவையும் அளவைக் கூட்டும். வேறு வைத்தியரிடம் போகும்போது லித்தியம் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பார்மசியில் வேறு கம்பனிக் குளிசை தந்தால், குறிப்பாக மெதுவாகக் கரையும் வகையென்றால், கிளினிக்கில் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, வழக்கமான சாப்பாடே போதும். கந்தசஷ்டிக்குத் தண்ணியும் குடிக்காமல் ஆறு நாள் விரதம் பிடிப்பது இவருக்கு ஆபத்து. நோன்பு பிடிக்கும் வீட்டிலும் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வந்தால் ஜீவனி (உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் கொடுங்கள், அன்றைய லித்தியத்தைக் கொடுக்குமுன் கிளினிக்குக்குப் போன் எடுங்கள். பெரும்பாலும் தற்காலிகமாக நிறுத்தி இரத்தம் பார்க்கச் சொல்வார்கள். ஒருவேளைக் குளிசை தவறினால் அடுத்த முறை இரண்டாகப் போட வேண்டாம்.

அக்காவின் நடுக்கம் மெல்லியதாக, கை நீட்டும்போது தெரிவதாக இருந்தால் அது பலருக்கும் வருவது. தேநீர், கோப்பி கூடினால் கூடும். ஆனால் அவற்றை ஒரேயடியாக நிறுத்தினால் லித்தியம் அளவு ஏறும், எனவே மெதுவாகக் குறைக்கட்டும். தொந்தரவு அதிகமென்றால் புரோப்ரனலோல் கொடுப்பதுண்டு, ஆஸ்துமா இருந்தால் கூடாது. தாகத்துக்குக் காரணம், சிறுநீரைச் செறிவாக்கும் ஹோர்மோனுக்குச் சிறுநீரகம் சரியாகக் கீழ்ப்படியாமல் லித்தியம் தடுப்பது. தண்ணியைக் குறைக்கவே வேண்டாம். சீனி போட்ட பிளேன் டீயும் சோடாவும் தாகத்துக்குக் குடித்தால் நிறை ஏறும். வெறும் தண்ணி கொடுங்கள்.

இதற்கு மாறாக, கோப்பையைப் பிடிக்க முடியாத பெரிய நடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு, நிற்காத வாந்தி, தசை துடிப்பு, அரைத் தூக்கம், தடுமாறிய புத்தி — இவற்றில் எது வந்தாலும் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே அரசாங்க வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அங்கே லித்தியம் எடுப்பவர் என்று சொல்லாவிட்டால் வெறும் வயிற்றுக் கோளாறென்று நினைத்துவிடக்கூடும்.

கிட்னியைப் பற்றிச் சொந்தக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. பல வருடங்கள் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரக வேலை குறைகிறது. அளவு அடிக்கடி மிஞ்சியவர்களுக்கு அது கூடுதல். அதனால்தான் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினினை இரத்தத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். கூடவே தைரொயிட்டும் கல்சியமும் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைவது பெண்களிடம் அதிகம். தைரொக்சின் குளிசையால் சமாளிக்கலாம், லித்தியத்தை விடத் தேவையில்லை. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லட்டும். பயந்து தானாக நிறுத்துவதும், கேட்காமலே தொடர்வதும் இரண்டும் பிழை.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, லித்தியம் அளவு, கிரியேட்டினின், தைரொயிட், நிறை என்று ஐந்து நிரல் கீறி ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். வைத்தியர் மாறினாலும் 0.7 எப்போது 0.9 ஆனது என்பது ஒரே பார்வையில் தெரியும். கிளினிக் இல்லாத நேரத்தில் சந்தேகம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.