இரண்டு கையேடுகள், இரண்டு அளவுகள்: எதை நம்பித் துப்பாக்கி மருந்தை நிறுப்பது?

கேள்வி: உரிமம் பெற்ற .22 ஹார்னெட் ரைபிளுக்கான தோட்டாக்களை நானே மறுநிரப்பத் தொடங்கியுள்ளேன். பவுடரும் (வெடிமருந்து) 45 கிரெயின் (சிறு எடை அலகு) புல்லட்டும் ஒன்றே என்றாலும், இரண்டு கையேடுகள் பவுடருக்கு வெவ்வேறு உச்ச அளவுகளைத் தருகின்றன. இணையத்தில் ஒருவர் இரண்டையும்விட அதிகமாகப் போடுவதாகச் சொல்கிறார். எதைப் பின்பற்றுவது?

பதில்: இணையத்தில் கண்ட அளவை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அது எந்தச் சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை), எந்தக் கருவியால் அழுத்தம் அளந்து பெறப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. 10.3 என்பது 13.0 என்று தட்டச்சாகியிருந்தாலும் படிப்பவருக்குத் தெரியாது.

கையேடுகள் இரண்டும் தவறல்ல. ஒவ்வோர் அளவும் ஒரு குறிப்பிட்ட கோது (தோட்டாவின் உலோக உறை), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புல்லட், தோட்டாவின் முழுநீளம், சோதனைக் குழல் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பொருந்தும். ஒரே எடையுள்ள இரு புல்லட்டுகளில் முழுச் செம்பாலானது ஈயக் கரு கொண்டதைவிட நீளமாக இருப்பதால், அது கோதுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கான இடத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே உங்கள் பொருள்களோடு மிக நெருங்கும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே அளவு நெருங்கினால் குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு கோதுகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 50 கிரெயின் கொள்ளும் பெரிய கோதில் அரை கிரெயின் பிழை ஒரு சதவீதம்தான். 12 கிரெயின் கொள்ளும் கோதில் அதே பிழை நான்கு சதவீதத்தைத் தாண்டும். தராசு கிராமில் நிற்கிறதா, கிரெயினில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஏனெனில் ஒரு கிராம் 15.43 கிரெயின். சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். அந்தக் காற்றே தட்டை அசைத்துவிடும்.

பவுடர் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையே முதல் ஆதாரம். ஹாட்ஜ்டன், விட்டாவூரி போன்றவர்கள் அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அடுத்தது ஹார்னடி, சியரா போன்ற புல்லட் நிறுவனங்களின் கையேடு. இரண்டையும் ஒப்பிட்டு, பதிப்பாண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பவுடரின் பெயரை எழுத்து விடாமல் படிப்பது உயிர்காக்கும் பழக்கம்: எச்4895, ஐஎம்ஆர் 4895 என்னும் இரண்டும் எண்ணால் ஒன்று, மருந்தால் வேறு. நான் என் குறிப்பேட்டில் ஒருமுறை வெறுமனே '4895' என்று எழுதிவிட்டு, மறுவாரம் எந்த டப்பா என்று தெரியாமல், நிரப்பிய இருபது தோட்டாக்களையும் பிரித்தெடுத்தேன்.

அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, இந்தச் சிறு கோதுக்கு 0.1 அல்லது 0.2 கிரெயினாக ஏறுங்கள். தொடக்க அளவுக்குக் கீழே போகாதீர்கள். சில பவுடர்கள் அங்கே ஒழுங்காக எரிவதில்லை. போல்ட் (சேம்பரை அடைக்கும் பூட்டு) திறக்கக் கடினமானாலோ, கோதின் அடியில் எஜெக்டர் (கோதை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த தடம் பளபளத்தாலோ, அத்துடன் நிறுத்திக் குறைத்துவிடுங்கள். ஆனால் இந்த அறிகுறிகள் தோன்றாததால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பல சமயம் அவை எல்லை தாண்டிய பிறகுதான் தெரியும். கோது, பிரைமர், புல்லட், பவுடரின் உற்பத்தித் தொகுதி ஆகியவற்றில் எது மாறினாலும் மறுபடி தொடக்க அளவுக்கே திரும்புங்கள்.