பழைய கம்ப்யூட்டருக்குப் பாதி விலை ரேம் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் அருகே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2012இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ3-2100, எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று, ஹார்டு டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. போட்டோஷாப்பும் க்ரோமும் சேர்ந்து திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது; விண்ணப்பம் போட வந்தவர்கள் காத்து நிற்கிறார்கள். கடைக்காரர் போர்டையே மாற்றச் சொல்கிறார். ஆன்லைனில் 8 ஜிபி ரேம் பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ரேமும் உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பாது. அதிலுள்ள சிப்புகளின் அமைப்பு வேறு. சில ஏஎம்டி போர்டுகள் அதைப் படிக்கும், இன்டெல் படிக்காது. விலை குறைவு என்று வாங்கி, திருப்பி அனுப்ப அலைகிறவர்கள் நிறைய.

போர்டை மாற்றவும் அவசரம் இல்லை. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். போட்டோஷாப், க்ரோம் இரண்டையும் திறந்து வைத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம்தான் பற்றவில்லை. இடம் இல்லாதபோது விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிச் சமாளிக்கும். நீங்கள் சொல்லும் அந்த ‘நின்றுபோவது’ அதுதான். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 காட்டுகிறது என்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. அந்தப் பணத்தில், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். எச்61 போர்டில் சாட்டா என்ற டிஸ்க் இணைப்பின் பழைய, நொடிக்கு 3 கிகாபிட் வேகம்தான் உண்டு. அப்படியிருந்தும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறினால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

ரேம்தான் குறை என்றால் கடையில் இப்படிக் கேளுங்கள்: “டெஸ்க்டாப் டிடிஆர்3, 1333 அல்லது 1600, இன்டெல் போர்டில் ஓடுவது.” 1600 வாங்கினாலும் உங்கள் பிராசஸரில் 1333 வேகத்தில்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கொடுத்தாலும் வாங்கலாம், அது 1.5 வோல்ட்டிலும் ஓடும். டிடிஆர்4 மட்டும் கூடாது. அதற்கு 288 பின், உங்களுடையதற்கு 240. வெட்டு இருக்கும் இடமே வேறு, அழுத்தினால் ஸ்லாட் போய்விடும்.

எவ்வளவு போடலாம்? எச்61இல் ஸ்லாட் இரண்டுதான், ஒன்றுக்கு 8 வீதம் 16 ஜிபிதான் உச்சம். உங்களுக்கு இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினால் போதும் என்பது என் கருத்து. இரண்டும் ஒரே அளவானால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும். போட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் பேனர் மாதிரிப் பெரிய வேலை செய்வதாக இருந்தால் மட்டும் 8 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். அதில் எட்டே சிப் இருந்தால் தவிர்த்துவிடுங்கள், பதினாறு இருக்க வேண்டும். எட்டு சிப் உள்ளதை இந்தத் தலைமுறை இன்டெல் ஏற்காது.

அதற்கு மேல் இதில் பணம் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்த பிராசஸரில் நிறுவ மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. வருகிறவர்களின் ஆதாரும் சான்றிதழும் ஏறும் கம்ப்யூட்டர் என்பதால் இது பெரிய விஷயம். ஓரிரு வருடத்தில் வேறு வாங்கத்தான் வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே சேர்த்து வையுங்கள்.

பழைய ரேமாக வாங்கினால் சிபியு பெட்டியைக் கடைக்கே எடுத்துப் போங்கள். மாட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் ஒரு சுற்று பிழையில்லாமல் முடிந்த பிறகு பணம் கொடுங்கள்.