வளவுப் பக்கம்: பந்தல் நிறைய இலை, குலை எங்கே?

வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சியிலிருந்து பதில்கள்

அக்கா, கிணற்றடியில் இஸ்ரேல் புளூ இன முந்திரிகை (திராட்சை) நட்டு மூன்று வருடம். பந்தல் முழுக்க இலைதான். குலை அங்கொன்று இங்கொன்று. யூரியா போட்டால் காய்க்கும் என்கிறார்கள். போடட்டுமா?
– வாசகி, முள்ளியவளை

வேண்டாம் தங்கச்சி. யூரியா இன்னும் இலையைத்தான் தள்ளும். உங்கள் கொடிக்குத் தேவை கத்தரி.

குளிர் நாடுகளில் முந்திரிகை இலையுதிர்த்து உறங்கி எழும்பும். வன்னியில் அதற்கு உறக்கமே இல்லை. நாங்கள் வெட்டாவிட்டால் அது பாட்டுக்குப் படர்ந்துகொண்டே போகும். பூங்குலை வருவது புதுத் தளிரில். அந்தத் தளிர் புறப்பட வேண்டியது போன பருவத்தில் முற்றிய கொப்பின் கண்ணிலிருந்து, அதாவது முளைமொட்டிலிருந்து. கண்ணுக்குள் குலை உருவாகும் காலத்தில் அதன்மேல் வெயில் பட்டிருக்க வேண்டும். உங்கள் பந்தலில் இலைக்குமேல் இலை மூடிக் கிடப்பதால் உள்ளே இருக்கும் கண்களெல்லாம் மலடாகிவிட்டன.

மாரி ஓய்ந்து தை கடைசி, மாசி தொடக்கத்தில் வெட்டுங்கள். அதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். பென்சில் மொத்தத்தில், மண்ணிறமாக முற்றிய கொப்புகளைத் தேடிப் பிடித்து, அடியிலிருந்து நாலைந்து கண் விட்டு, கடைசிக் கண்ணுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுங்கள். பச்சையாக, நூல் மாதிரி மெலிந்து கிடப்பதையெல்லாம் அடியோடு எடுத்துவிடலாம். இருக்கிற இலைகளையும் உருவிவிடுங்கள். பந்தலைப் பார்த்தால் மொட்டையாக இருக்கும். வெட்டுவாயில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடியும். எங்கள் வீட்டில் அதைக் கண்டு மாமி, "கொடி அழுகுது பிள்ளை, விடு" என்பா. அது வேர் மேலே தள்ளும் நீர்தான், கொடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெட்டிய பிறகு மாட்டெருவைத் தாராளமாகப் போட்டு, மறுபடி தண்ணீர் கட்டத் தொடங்குங்கள்.

மாசியில் வெட்டினால் நான்கு மாதமளவில், சோளகம் வீசத் தொடங்கும் நாட்களில் பழம் பழுக்கும். மழையில்லை, வெயில் தாராளம். முந்திரிகைக்கு வன்னி கொடுக்கக்கூடிய மிக நல்ல காலம் அதுதான்.

எங்கள் பங்குக் கோவிலுக்கு வீட்டு முந்திரிகையில் பூசைக்கான இரசம் (வைன்) செய்து கொடுக்க ஆசை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தில் துறவிகள் செய்வதுபோல நாமும் செய்யலாமா? பழம் இனிப்புக் குறைவாக இருக்கிறது, சீனி சேர்க்கலாமா?
– வாசகர், முருங்கன்

ஐயா, முதலில் சட்டம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வைனும் அதற்குள் அடங்கும். கோவிலுக்கென்று சொன்னாலும் பானையில் போடுவதற்கு முன் பங்குத்தந்தையோடும் மதுவரி அலுவலகத்தோடும் கதைத்துவிடுங்கள். அதுவரை பழத்தைப் பிழிந்து பழரசமாகக் குடிப்பதில் ஒரு தடையும் இல்லை.

சீனி விடயத்தில் உங்கள் ஆசைக்குத் திருச்சபையே தடை. பூசைக்கான இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்தே வந்த இயற்கையான இரசமாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆகவே இனிப்பைப் பந்தலிலேயே சம்பாதிக்க வேண்டும். ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் மதுசாரம் 1 வீதம் வரும். 12 வீதம் வேண்டுமென்றால் லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் தேவை. கடையில் விற்கப் பறிக்கும் பழத்தில் பெரும்பாலும் அவ்வளவு இராது.

முந்திரிகை மாம்பழம் மாதிரி இல்லை, பறித்த பிறகு பழுக்காது. நிறம் கறுத்தவுடன் பறித்துவிடுகிறோமே, அங்கேதான் இனிப்புப் போகிறது. நிறம் வந்த பிறகும் பொறுத்திருங்கள். குலையின் அடி நுனியில் தொங்கும் பழம்தான் கடைசியாகப் பழுக்கும். அதைப் பறித்துக் கடித்துப் பாருங்கள். அது இனித்து, விதை பச்சை மாறி மண்ணிறமாகி, கடித்தால் மொறுக்கென்று உடைந்தால் அறுக்கலாம். குலைகளைக் குறைப்பதும் அவசியம். ஒரு தளிருக்கு ஒரு குலை போதும், மற்றதைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். கடைசி இரண்டு கிழமை தண்ணீரையும் குறையுங்கள். அந்த நாட்களில் கொண்டைக்குருவியும் அணிலும் வௌவாலும் உங்களுக்கு முன்னே வந்துவிடும். பழைய நுளம்பு வலையை வெட்டிக் குலைக்குக் குலை கட்டுவது நல்லது.

அனுமதி கிடைத்து நொதிக்க வைக்கும் நாளில் சூட்டை மறக்கவேண்டாம். ஆனி மாதத்து முருங்கன் வெயிலில் நொதிக்கும் சாறு 35 பாகையைத் தாண்டினால் நொதிக்கவைக்கும் மதுவம் (ஈஸ்ட்) தளர்ந்துவிடும், வாசமும் பறந்துவிடும். பாத்திரத்தை நிழலில், தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஈரச்சாக்குப் போர்த்துங்கள். மூடியை இறுக்கவே கூடாது. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

கார்த்திகை மழையோடு இலையின் மேல் மஞ்சள் எண்ணெய்ப் புள்ளி, அடியில் வெள்ளைப் பூஞ்சணம். என்ன செய்ய?
– வாசகி, பரந்தன்

அது அடிச்சாம்பல் நோய். விழுந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள், பந்தலுக்குள் காற்றுப் போகும்படி நெருக்கத்தைக் குறையுங்கள். இதற்கென்றே பிரான்சின் போர்தோ முந்திரிகைத் தோட்டங்களில் பிறந்த மருந்துதான் போர்டோக் கலவை. 1885இலிருந்து உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. 100 கிராம் மயில்துத்தத்தை (செப்பு சல்பேற்று) ஐந்து லீற்றர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு ஐந்து லீற்றரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்குங்கள். துடைத்த இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் தோய்த்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் கொஞ்சம் சேருங்கள். மழை விட்ட காலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், அன்றைக்கே முடித்துவிடுங்கள். பழம் நிறம் மாறத் தொடங்கிய பிறகு இதைத் தொடவேண்டாம். தோலில் படிந்த செம்பு, இரசம் நொதிப்பதையும் கெடுக்கும்.